மார்கழி தாண்டி மதில் திறந்த அம்மையார்க்கு

நடைபாதை, துவிச்சக்கர வண்டிப் பாதைத் திட்டப் பிரிவின் பிரதம பொறியியலாளராய் விளங்கி, இப்பங்குனித் திங்களிற் பணி நிறைவெய்தும் திருமதி சரோஜினிதேவி அவர்களுக்கு, வெள்ளவத்தையிற் கூடிய உடன்பணியாளர் உளமுவந்து படித்தளிக்கும் பாராட்டு மடல்.

கொட்டாஞ்சேனையிற் பிறந்து கொழும்பெங்கும் நடந்த கோமாட்டியே! வாகனத்தார்க்கே வழியென்று வகுத்துவைத்த நகரில், வாகனமிலார்க்கும் வழியுண்டென வாதாடி வென்ற வல்லவரே! கையில் அளவுநாடாவும் நாவில் ஐந்தெழுத்துமாய்க் காலைதோறும் கால்வாய்க் கரை அளந்த கற்பகமே! வணக்கம்.

அம்மையீர்! தங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால், இரண்டாம் வாக்கியத்திலேயே கையை உயர்த்தி, "போதும், வேலையைப் பாருங்கோ" என்பீர்கள் என்பதை இந்த மண்டபம் முழுதும் அறியும். ஆதலால், தாங்கள் மாலை சூடி மேடையில் வீற்றிருக்க, தங்களைப் பற்றி அவையோருக்கே உரைக்கத் துணிந்தோம். இடைமறிக்கும் அதிகாரம் இன்றோடு தங்களுக்கு இல்லை. பொறுத்தருள்க.

அவையோரே! பரிசில் பெற்று மீண்ட பாணன், எதிரே பசியோடு வரும் பாணனைக் கண்டு, இவ்வழியே போ, இன்னாரிடம் சேர்வாய் என்று ஆற்றுப்படுத்துதல் நம் பழந்தமிழர் போற்றிய அறம். அடியார்களோ தலந்தோறும் நடந்தே சென்று, நடந்த வழியெல்லாம் பண் விதைத்தார்கள். அவ்வறத்தையும் அந்நடையையும் இந்நாளிற் கொங்கிறீட்டிலும் கருங்கல்லிலும் கண்டவர் எம் அம்மையார். பணியின் முற்பாதியில் அவர் போட்டவையெல்லாம் பெருந்தெருக்கள். ஒருநாள் காலி வீதியோரத்தில், பஸ்ஸுக்கும் வடிகானுக்கும் இடையில் ஒற்றைக்காலில் ஒதுங்கிநின்ற ஒரு கர்ப்பிணியைக் கண்டார். அன்று தொட்டு அவருடைய வரைபடங்களின் அகலம் குறைந்தது, அருள் கூடியது.

பணம் தருவார் யார்? அகன்ற வீதிக்கு அள்ளித் தந்த கை, ஒடுங்கிய பாதைக்குக் கிள்ளித் தரவும் கூசியது. பணம் ஒதுக்கும் பாதீட்டுக் கூட்டமொன்றில் மேலதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கேட்டார்:

"மிஸ், காருக்கு ரோட்டுப் போடச் சல்லி கேக்கிறீங்க, சரி. மனிசன் நடக்கிறதுக்கும் காசு வேணுமா?"

"ஓம் சேர். நடக்கிறவனும் வரி கட்டுறான். தேத்தண்ணிக்கு வாங்குற சீனியில கட்டுறான், சவுக்காரத்தில கட்டுறான். அவன் கட்டினதில அவனுக்கு ஒரு பாதை கேக்கிறன். வேற ஆரின்ர காசையும் கேக்கேல்ல."

கண்ணாடி மீண்டும் மூக்கில் ஏறியது. கையொப்பம் தாளில் இறங்கியது. நடப்போர்க்கென்றே பொதுப்பணம் ஒதுக்கப்பட்ட அந்நாளில், நாம் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அம்மையார் ஒரு துண்டை வாயிலிட்டபடியே அளக்கப் புறப்பட்டுவிட்டார். நாமும் பின்னே நடந்தோம். அலுவலக வாகனம் அவருக்குப் பகை; வேலைத்தளம் எவ்வளவு தூரமாயினும் நடைதான். இதனால் எம்மிற் பலர் மெலிந்தோம் என்பதையும், சிலர் முணுமுணுத்தோம் என்பதையும் இந்நன்னாளில் மறைக்க மாட்டோம்.

கடற்கரைப் புகையிரத நிலையத்திலிருந்து கால்வாயின் இக்கரையாக ஒரு பாதை எழுந்தது. நுகேகொடைப் பக்கத்திலிருந்து அக்கரையாக மற்றொரு பாதை இறங்கியது. இரண்டும் அழகு, இரண்டும் அரைகுறை. இக்கரைப் பாதை ஒரு முருகன் கோயிலின் பின்மதிலில் முட்டி நின்றது. அக்கரைப் பாதை, தெஹிவளை முஸ்லிம் மக்கள் வாழும் ஒழுங்கையொன்றின் முடிவில், தையல் தைத்துச் சீவிக்கும் பைறோஸா என்பாரின் வேலியில் முட்டி நின்றது. இரண்டையும் இணைக்க வேண்டியது கோயிற் காணியின் ஒரு துண்டும், கால்வாய்க்கு மேலே ஒரு சிறு நடைபாலமும் மட்டுமே. அவ்வளவும் இல்லாமையால், அக்கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் வெள்ளவத்தைக்கு, காலி வீதியைச் சுற்றி, முச்சக்கர வண்டிக்குக் கொடுத்து, மக்கள் போய்வந்தார்கள்.

"மதிலைப் பாக்கிறதுக்கு இவ்வளவு நீளப் பாதையா மிஸ்?" என்று கரையில் வடை விற்பவர் கேட்பார். அம்மையார் சிரிப்பார். சிரித்துவிட்டு அன்று முழுதும் இணைப்பு வரைபடத்தையே விரித்து வைத்திருப்பார்.

சென்ற ஆண்டில் இணைப்புக்கான பணமும் வந்தது. பட்டறையில் இரும்புப் பாலமும் உருவாகியது. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் ஓயாது பொழிய, கால்வாய் கரைமீறி ஓட, வேலை தொடங்க வழியின்றி மாதங்கள் கழிந்தன. மழை விட்டபோது மார்கழி பிறந்திருந்தது. திறைசேரியின் விதியோ இரும்பு விதி: ஆங்கில ஆண்டு முடியுமுன் காணிச் சம்மதமும் பெற்று மண்ணும் வெட்டியிருந்தால் பணம் தங்கும், இல்லையேல் வந்த வழியே திரும்பும். அடுத்த முறை கேட்பதற்கு அம்மையார் பதவியில் இருக்கமாட்டார். அவருக்குப் பின் இரண்டு முட்டுச்சந்துகளே அவர் பெயர் சொல்லும்.

ஒப்பந்தகாரர் ஓர் உபாயம் சொன்னார். "தொடங்கினதாக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோவன் மிஸ். மண் எப்ப வெட்டினா என்ன, ஆர் வந்து கிண்டிப் பாக்கப்போறான்?"

"நான் பாப்பன்" என்றார் அம்மையார். அதன்பின் ஒப்பந்தகாரர் அப்பேச்சை எடுக்கவில்லை.

வைகறைப் பூசை முடிந்து, சங்கொலி அடங்கி, பிரசாதச் சுண்டல் கைமாறிக்கொண்டிருந்த ஒரு காலையில், அம்மையார் கோயில் தர்மகர்த்தா சுடலைமுத்து ஐயாவைக் கண்டார். பெரிய மனம் படைத்தவர் அவர். பின்மதில் ஓரத் துண்டைப் பொதுவழிக்குத் தருவதற்கு அவருக்கு மறுப்பே இல்லை.

"நெலத்தைத் தர்றேம்மா, சந்தோசமாத் தர்றேன். ஆனா தை பொறக்கட்டும். மார்கழி சாமிக்குன்னு ஒதுக்கின மாசம். இதுல புதுசா ஒரு வேலையை ஆரம்பிச்சு மண்ணைத் தோண்டுறதுக்கு நான் கையெழுத்து வெச்சா, நாளைக்கு ஊர்ல ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னையத்தான் கேப்பாங்க."

வேறொருவராயின் சட்டம் பேசியிருப்பார். சாத்திரம் பழசென்று சாடியிருப்பார். அம்மையாரோ, தாமும் அதே மார்கழியை நோற்பவர். நுகேகொடையில் மகள் வாங்கிய தொடர்மாடி வீட்டில் பால் காய்ச்சக் குறித்த நாளை, அந்த வாரந்தான் தைக்குத் தள்ளிவைத்திருந்தார். கைகூப்பி, திருநீறு பூசிக்கொண்டு, அவர் வெளியே வந்தார்.

வாசலில் காத்துநின்றவர் எம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸியாம்.

"என்ன மிஸ், மொகம் வாடிப் போய் ஈக்குது? ஐயா ஏலான்டு சென்னாரா?"

"அவரிட்டப் பிழையில்லை ஸியாம். நானே என்ர மகளின்ர வீட்டில மார்கழியெண்டு பால் காய்ச்ச விடேல்ல. பிறகு எந்த முகத்தோட அவரிட்ட வாதாடுறது?"

ஸியாம் தலையைச் சொறிந்தார். பகிடியாகவே சொன்னார்: "அப்ப அக்கரையால தொடங்குவம் மிஸ். எங்கட ஆக்களுக்கு மார்கழி இல்லதானே."

ஒரு காலிற் செருப்பும் மறுகால் வெறுமையுமாக அம்மையார் அசையாது நின்றார். முருகன் தன் சந்நிதி வாசலில், ஸியாமின் வாயால் விடை சொன்னானோ என்று அவர் பின்னாளில் எம்மிடம் வியந்ததுண்டு. மாட்டிய செருப்பையும் உதறிவிட்டு, வந்த வேகத்தில் உள்ளே போனார்.

"ஐயா, பாலத்துக்கு முதல் மண்ணை அக்கரையில, பைறோஸான்ர வேலியடியில வெட்டினால்? அவையின்ர பக்கத்தில தொடங்கி, பாலம் இஞ்சால உங்கட காணிக்கு வந்து சேரட்டும். இது மனசுக்குச் சரியோ பிழையோ, நீங்கள் சொல்லுங்கோ. பிழையெண்டா நான் கேக்கமாட்டன்."

சுடலைமுத்து ஐயா சுண்டலை மென்றார், மூலவரைப் பார்த்தார், மீண்டும் மென்றார். அவ்வளவு நேரம் சுண்டல் மென்றவரை யாம் கண்டதில்லை.

"அங்கிட்டு ஆரம்பிச்சா, நம்ம பக்கம் வர்றது நடுவேலைதானேம்மா? நடுவேலைக்கு யாரு மாசம் பாக்குறா? வீடு கட்டுறவன், மார்கழி வந்திருச்சுன்னு மேசனை வீட்டுக்கா அனுப்புறான்? கொண்டாங்க, கையெழுத்து வெக்கிறேன். ஆனா மதிலைப் பொங்கலுக்கு அப்புறந்தான் தொடணும். காலங்காத்தாலப் பாட்டு நேரத்துல மெசின் சத்தமும் கேக்கப்படாது."

அக்கரையில் பைறோஸா தையல் மெசினை விட்டெழுந்து வந்து முழுக்கதையும் கேட்டார். "இதுக்கா மிஸ் இவ்வளவு யோசின? வேலிய நானே கழட்டித் தாரன். வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம் மட்டும் வேல வாணாம்" என்றார். சொன்ன கையோடு வேலியின் முதற்கம்பியை அவரே அவிழ்த்தார்.

மண் வெட்டும் நாளும் வந்தது. கோயிற்பாட்டு ஓய்ந்திருந்தது, பள்ளிவாசல் மௌலவி துஆ ஓதி முடித்திருந்தார், ஆண்டோ முடிவை நெருங்கியிருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, மண்வெட்டும் இயந்திரத்தின் சிங்களச் சாரதி, சாவியைத் திருப்பாமல் தலையை வெளியே நீட்டி, "மிஸ், நெக்கத் பெலுவாத?" என்றார். நல்ல நேரம் பார்த்தாயிற்றா என்று கேட்கிறார்! அவருடைய பஞ்சாங்கப்படி அவ்வேளை ஆகாதாம். அம்மையார் ஸியாமைப் பார்த்தார். ஸியாம் வானத்தைப் பார்த்தார். பைறோஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, தேத்தண்ணி குடிச்சு முடியச் சரியா வருமா?" என்று அவரே சிங்களத்திற் கேட்டுச் சொல்ல, சாரதியும் இசைந்தார். இஞ்சித் தேநீர் வந்தது. குடித்து முடியவும் நேரம் கனிந்தது. மூன்று நெறியாரின் முழுச் சம்மதத்தோடு மண் அசைந்தது. பிட்டுக்கு மண் சுமந்த பெருமான், பாதைக்கு மண் சுமந்தாரைப் பார்த்துப் புன்னகைத்திருப்பான் என்றே நம்புகிறோம்.

பணம் தங்கியது. அவ்வுறுதி திறைசேரியிலிருந்து வந்தபோதும் அம்மையார் சிரிக்கவில்லை. "மதில் நிக்குதே" என்றார்.

பொங்கல் கழிந்தது, பூசம் கழிந்தது; பாலம் கால்வாயைத் தாண்டி இக்கரை தொட்டது; சுடலைமுத்து ஐயா தம் கையால் மதிலின் முதற்கல்லைப் பெயர்த்தார். மாசியில் ஒரு நாள் திறப்புவிழா. நாடா கட்டி, குத்துவிளக்கு வைத்து, பிரதம விருந்தினரை எதிர்பார்த்து வெயிலில் வரிசையாய் நின்றோம். விருந்தினர் வாகன நெரிசலில் அகப்பட்டுக்கொண்டார். அப்போது அக்கரையிலிருந்து மணியோசை கேட்டது. தைத்த உடுப்பு மூட்டையைப் பின்னே கட்டி, பழைய துவிச்சக்கர வண்டியொன்றில் பைறோஸா பாலத்தின் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"விலகுங்கோ! விலகுங்கோ! பிரேக் புடிக்குதில்ல!"

"ஏய், ஒதுங்குங்கப்பா, அம்மா வர்றாங்க!" என்று சுடலைமுத்து ஐயா வேட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். நாம் சிதறினோம். நாடா அறுந்து பைறோஸாவின் தோளில் மாலையாய் விழுந்தது. "மன்னிச்சிக்கோங்கோ, மிஸ்! கடையில பாத்துக்கொண்டு ஈப்பாங்க!" என்ற குரல் மதில் திறந்த இடத்தால் நுழைந்து, வெள்ளவத்தைப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

நாடாவை மீண்டும் கட்ட ஸியாம் ஓடினார். அம்மையார் தடுத்தார். இடித்துக் குவித்த மதிற்கற்களின் மேல் மெல்ல அமர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகம் துடைத்தார். பின், இத்தனை ஆண்டுகளில் எம்மில் ஒருவரும் அவர் வாயாற் கேளாத ஒரு சொல்லைச் சொன்னார்: "அப்பாடா."

அம்மையீர்! இனித் தங்களோடே பேசுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்ட கணத்தில் எங்கள் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கிற்று. தாங்கள் குறையோடு போகவில்லை. யாம் குற்றவுணர்வோடு வழியனுப்பவில்லை. இதைவிடப் பெரிய பேறு ஒரு பிரியாவிடைக்கு உண்டோ! ஆறுமுகன் அருளால் முழங்கால் நோவாது, மூச்சு வாங்காது, மகளும் பேரரும் சூழ நூறாண்டு வாழ்க! தங்கள் இல்லத்திற் பாலும் அன்பும் பொங்குக! அந்தக் கரையிற் பாவிய கல் ஒன்று பெயர்ந்திருந்தாலும் மறுநாட் காலையிலேயே தொலைபேசியில் அழைப்பீர்கள் என்பதை அறிவோம். அழையுங்கள். யாம் நடந்தே வருவோம்.

இவ்வண்ணம்,
தங்கள் பின்னே நடந்து பழகிய
திட்டப் பிரிவு உத்தியோகத்தர், ஊழியர் அனைவரும்,
கொழும்பு.