மூன்றில் தொடங்கிய டேப்

நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் தெறிக்காமலிருக்க மூச்சை இழுத்துப் பிடித்தபடி தலைமை தாங்கும் நூலகர் ஐயா அவர்களே! எண்பது பக்கத்தை அச்சடித்துவிட்டு எண்ணூறு கேள்வி கேட்ட அச்சகத்துத் தம்பி அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோர்களே! இடுப்பளவு கேட்டால் மட்டும் இளமைக்குத் திரும்பிவிடும் என் தாய்மார்களே! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்த இந்தத் தையல்காரியின் வணக்கம்.

பின்னால் யார் சிரிப்பது? உங்கள் அளவும் என் நோட்டில்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

நான் ஒரு புத்தகம் எழுதினேன். ஏன் எழுதினேன்? இருபத்தாறு வருடம் ஊரையே அளந்தவள். கேட்ட கதை கொஞ்சமா, சிரித்த சிரிப்பு கொஞ்சமா? எழுதித் தம்பியிடம் கொடுத்தேன்.

“அக்கா, பின்னட்டையில போடணும். இந்தப் புத்தகத்தோட மையக் கருத்து என்ன?”

“அப்படி ஒண்ணு வச்சுத் தைக்கலையேப்பா.”

“அது இல்லாம வெளியீட்டு விழாவுல என்னத்தப் பேசுவீங்க?”

தேடினேன். மிஷினுக்கு அடியில் விழுந்த ஊசியைப் போலத் தேடினேன். வீட்டுக்காரரைக் கேட்டேன். “பொண்டாட்டி எழுத ஆரம்பிச்சா புருஷன் சமைக்கணும். அதான் கருத்து” என்றார். நூலகர் ஐயா உழைப்பைப் பற்றி ஒரு வரி சொன்னார். மன்னியுங்கள் ஐயா, அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்காவது சரியாக நிற்குமா? தொளதொளவென்று தொங்கும்!

தம்பிக்கு இன்னொரு குறை. “ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் ரெண்டு விரல் இடம் காலியா விட்டிருக்கீங்க. எடுத்துடவா?”

“கை வைக்காதே!” என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? எனக்கே தெரியாது. உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பது இந்தக் கையின் பழக்கம். நாளைக்கு உடம்பு பூசினால் பிரித்து விடலாம் அல்லவா? (ஐயா, உங்களுக்கும் விட்டிருக்கிறேன். நாளைக்குக் கடைக்கு வாருங்கள்.) துணியில் வந்த பழக்கம் தாளிலும் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வந்து நின்றாள் என் நாத்தனார். கடையில் எனக்கு எதிர் மிஷினில் உட்காருகிறவள். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டாள். அது நாற்பது காவலாளிகளின் சீருடைக் கதை. நான் அளந்தேன்; அவள் வெட்டினாள். போட்டுப் பார்த்தால் எல்லாமே மூன்று அங்குலம் கூடுதல்! கழுத்துப்பட்டிக்குள் இன்னொரு கழுத்து நுழையும். விரல்களைக் காணோம். விசில் ஊதப் போனவர் சட்டைக்கையை ஊதினார்! அன்று முதல் தெருவே அவளை ‘மூணு இஞ்ச்’ என்று கூப்பிட்டது. அந்தப் பெயரை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி யார்? அடியேன்தான்.

தாளை மேசையில் போட்டாள்.

“அண்ணி, வாயால சொன்னப்ப சிரிச்சுட்டுப் போனேன். அச்சுல ஏத்திட்டா நான் செத்தாலும் மூணு இஞ்சுதானா?”

“வெட்டினது நீதானேடி?”

“அளந்தது யாரு?”

என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதுல ஒண்ணு எங்க அண்ணி? ரெண்டு எங்க?”

பார்த்தேன். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை! நுனி நைந்துவிட்டதென்று என்றைக்கோ நானே கத்தரித்து எறிந்தது. என் டேப் மூன்றில் தொடங்குகிறது! இருபத்தொரு அங்குலக் கையை இருபத்து நான்கு என்று காட்டுகிறது! நானே அளந்து, அதே டேப்பை வைத்து நானே வெட்டியவரை எல்லாச் சட்டையும் சரியாகத்தான் வந்தது. அவள் தன் டேப்பை வைத்து வெட்டினாள். என் தப்பு நாற்பது சட்டையில் நடந்து வந்தது!

சபையோரே, என் டேப்பால் நானே அளந்து நானே வெட்டினால், நான் என்றைக்குத் தப்பு? என்றைக்குமே இல்லை! இன்னொருவர் டேப் பக்கத்தில் வந்தால்தானே என் குட்டு வெளிப்படும்? அது வந்து படுக்க இடம் வேண்டாமா? இரண்டு விரலாவது வேண்டாமா? என் கை விட்டுவைத்திருந்தது. என் புத்திக்குத்தான் எட்டவில்லை!

அத்தியாயத்தையே கிழித்துவிட்டு மாற்றி எழுதுகிறேன் என்றேன்.

“வேணாம். உங்க புளுகு அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ இடம் இருக்குல்ல? பேனாவைக் குடுங்க.”

அவள் எழுதியது எழுபத்தோராம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. படிக்கிறேன்: ‘அளந்தவர் என் அண்ணி. அவர் டேப் மூன்றில் தொடங்கும். ஆகவே என் பட்டப்பெயரை அவருக்கே திருப்பித் தருகிறேன்.’

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! இன்று முதல் மூணு இஞ்ச் நான்தான்!

பின்னட்டைக்கும் வரி கிடைத்தது: ‘இடம் விட்டிருக்கிறேன். தப்பிருந்தால் எழுதுங்கள்.’ ஆகவே இந்தப் புத்தகத்தில் தங்களைக் கண்டு கொதிக்கிறவர்கள் கம்போடு வர வேண்டாம், பேனாவோடு வாருங்கள்.

மூன்றாம் வரிசையில் என் நாத்தனார் கை தூக்குகிறாள். என்னம்மா? சத்தமாகச் சொல்.

“சீக்கிரம் முடிங்க அண்ணி. பேச்சுலயும் மூணு இஞ்ச் கூடுதலாப் போகுது!”

இதோ, வெட்டிவிட்டேன். வந்தவர்களுக்கு நன்றி, சிரித்தவர்களுக்கு இரட்டை நன்றி, தன் டேப்போடு வந்தவளுக்கு என் ஆயுசுக்கும் நன்றி. வணக்கம்!