எட்டாவது கட்டிலுக்கு வந்த மண்

"சிதம்பரத்து வீட்டு மண்ணுதான் கொண்டாரணும். அவுரு பொறந்து வளந்த—"

"பொறந்த மனையில என்னா ஆசை இருக்கப் போவுது அண்ணி? நெல்லிக்குப்பத்துக் கரும்புக்கொல்லைய வாங்குறதுக்கு அவுரு பட்ட பாடு—"

"நான் பேசிக்கிட்டு இருக்கறேன்ல?"

"நீங்க பேசிக்கிட்டே இருங்க. அவுரு உசுரு இழுத்துக்கிட்டே கெடக்கட்டும்."

எட்டாவது கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இவர்கள் போட்ட சண்டை இது, டாக்டர். இப்போது உங்கள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் சிவகாமு அம்மாளும் அவர் கொழுந்தனார் ஹேமசபேசனும்தான். நடுவில் படுத்திருந்த குஞ்சிதபாதம் பிள்ளை மனைவி முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டுலயும் ஒரு பிடி கொண்டாந்துடுங்களேன்" என்றேன். சண்டை அதோடு நின்றது. வார்டில் சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது.

நடந்ததைச் சொல் என்றீர்கள். சொல்வதற்கு எனக்கென்ன? பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் வேண்டுமென்று நம் நர்சுகளைக் கூட்டிப் போன பிறகு, பக்கவாத வார்டு முழுக்க என் ஒருத்தி கையில். பத்துக் கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். என் வார்டில் ஒருவருக்காவது படுக்கைப் புண் வந்ததுண்டா, சொல்லுங்கள். ஆகாரம் கொடுக்கும் முறையும் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர். இருமல் வராவிட்டால்தான் கஞ்சி, அதுவும் மரத்துப் போகாத பக்கத்துக் கன்னத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. படுத்த வாக்கில் ஊற்றினால் மூச்சுக்குழாய் மூடாது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும், மூன்றாம் நாள் ஜுரம் காணும் என்று படம் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் படத்தை நான் மறக்கவே இல்லை.

முதலில் போனது ராசம்மாள் என்கிற கிழவி. அது என் செய்கையில்லை. நான் அந்தப் பக்கம் பஞ்சு எடுக்கப் போயிருந்தபோது, அம்மா பிழைக்க மாட்டாள் என்று அவள் பிள்ளைகளே முடிவு கட்டி, ஆளுக்கு ஒரு சங்கு பால் ஊற்றிவிட்டார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. சாகிறவர் வாயில் பால் ஊற்றுவது எங்களில் இல்லை. திட்ட வேண்டுமென்றுதான் ஓடி வந்தேன். மூன்றாம் நாள் கிழவி போனாள். அவள் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா பெத்த புள்ளைங்க கையால பால் குடிச்சிட்டுப் போயிட்டாங்க நர்ஸம்மா, இனிமே எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஆறு மாதம் நான் பாடுபட்டு ஒருவரை நடக்க வைத்து அனுப்பினாலும் அந்த முகத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அதற்குப் பிறகு ஆறு பேர்.

நான் ஒருவர் வாயிலும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். "மனசத் தேத்திக்குங்க, ஊத்துறதுன்னா இன்னிக்கே ஊத்திடுங்க" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். பிறகு முதுகுக்கு வைத்த தலையணை இரண்டையும் எடுத்துவிடுவேன். சாகிறவரை உட்கார வைத்தா பால் ஊற்றுவார்கள்? படுக்க வைத்துத்தானே ஊற்றுவார்கள். தலையணை எடுத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

யாரை என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்பீர்கள். பார்த்தாலே தெரியும். பக்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது கட்டில், கரும்பு வண்டி ஓட்டுகிறவன். காலை மடக்கி நீட்ட ஆரம்பித்துவிட்டான், வாஸ்தவம். ஆனால் வாய்விட்டு அழுகிறான். கஞ்சி கொண்டு போனால் அழுகை, துணி மாற்றினால் அழுகை. இந்த வியாதியில் அழுகை தானாக வரும், அதற்குத் துக்கம் வேண்டியதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அவன் பெண்சாதி பொன்னி எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த வயிற்றோடு தினம் வண்டியேறி வருவாள். அவளைப் பார்த்துத்தான் என் மனசு இளகியது. தலையணையை எடுக்கும்போது அவன் நல்ல கையால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நிமிர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் குஞ்சிதபாதம் பிள்ளை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. புத்தி மட்டும் போகவில்லை. மறுநாளிலிருந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்றார். பல்லைக் கடித்துக்கொள்வார். சிவகாமு அம்மாள் கொடுத்தால் மளமளவென்று உள்ளே போகும். "பொண்டாட்டி கையின்னா மட்டும் எறங்குது பாருங்க நர்ஸம்மா" என்று அந்த அம்மாளுக்கு ஒரே வெட்கம், ஒரே சந்தோஷம். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வார்டுக்கு வந்த நாற்பத்து மூன்றாவது நாள். அவர் காலியாகிவிட்ட ஏழாவது கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெயர் சொன்னார். குழறல் இல்லை, திருத்தமாக வந்தது. எந்தப் பெயரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் துடைத்துவிட்டு நகர்ந்தேன். அன்று அவர் சீட்டில், மாற்றமில்லை என்று எழுதினேன்.

அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பாதி உடம்பு செத்தவருக்குப் பேச்சு மட்டும் வந்தால் என்ன ஆகும்? தன் கஷ்டத்தைத் தானே சொல்லிச் சொல்லி மாய வேண்டும். அந்த மனுஷருக்கு அது வேண்டாமென்று நினைத்தேன்.

மத்தியானம் சிவகாமு அம்மாளிடம், ஊற்றுவதென்றால் இன்றைக்கே ஊற்றிவிடுங்கள் என்று சொன்னேன். ஹேமசபேசன் அப்போதே முறைத்தார். "காலைல எங்கையப் புடிச்சு நெரிச்சாரு எங்கண்ணன். போற உசுருக்கு அம்மாம் பெலமா?"

"கடைசி வேகம் அப்படித்தான் இருக்கும்."

"ஓகோ. எமன்கிட்டேருந்து ஒங்களுக்குத் தனியா கடுதாசி வருதோ?"

"தம்பி, வாய மூடு" என்று அந்த அம்மாள் அதட்டினார். "நர்ஸம்மாவுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?"

பால் வந்தது. தலையணைகளை எடுத்தேன். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டார். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். அதுவரை மனைவி கையால் எதையும் வேண்டாமென்று சொல்லாதவர். இரண்டாம் நாளும் அப்படியே. வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். சிவகாமு அம்மாள்தான், "பால் ஏத்துக்க மாட்டேங்கறாருன்னா மண்ணாசை உள்ள நிக்குது, அத முடிச்சு வெச்சாத்தான் போவாரு" என்றார். சொந்த மண்ணைக் கரைத்து ஊற்றினால் ஆசை தீர்ந்து உயிர் பிரியுமாம். எனக்கு இந்த வழக்கமே அதுவரை தெரியாது. அவர்கள் வீட்டுச் சடங்கில் நான் எப்படித் தலையிடுவேன்? எந்த மண் என்பதற்குத்தான் அந்தச் சண்டை.

நான் சொன்னபடி இரண்டும் வந்தது. சிதம்பரத்திலிருந்து ரயிலில் ஒரு முடிச்சு, நெல்லிக்குப்பத்திலிருந்து வேட்டித் தலைப்பில் ஒரு முடிச்சு. ஒரே டம்ளரில் கரைத்து வடிகட்டினார்கள். தம்பி தாடையை அழுத்தித் திறந்தார், மனைவி ஊற்றினார். அவர் இடது கை காற்றில் எதையோ தேடியது. கடைசியில் என் முந்தானையைப் பிடித்தது. எடுத்துவிட்டேன். பொறுமையாகத்தான் எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஜுரம். ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டார். குளிப்பாட்டும்போது பல்லிடுக்கில் மண் இருந்ததையும், கடித்துக் கடித்து உதட்டின் உள்பக்கம் கிழிந்து போயிருந்ததையும் ஹேமசபேசன் பார்த்திருக்கிறார். போகிறவர் இப்படியா மல்லுக்கு நிற்பார் என்று உங்களிடம் வந்து கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆமாம் டாக்டர். ராசம்மாளைத் தள்ளி ஆறு பேர். கடைசி இருவரும் எழுந்து நடந்திருப்பார்கள். ஆனால் ஏழு குடும்பமும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனது. நான் செய்தது உபகாரம் இல்லையென்றால் அவர்கள் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

ஹேமசபேசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நீங்கள் கையை நீட்டி அவரைத் தடுத்தீர்கள். சிவகாமு அம்மாள் மட்டும் அசையவில்லை. டம்ளர் பிடித்த அந்த வலது கையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, நான் சொன்ன மற்றதெல்லாம் காதிலேயே விழாதவர் மாதிரி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செவ்வாக்கெழம ஒரு பேரு சொன்னாருன்னீங்களே நர்ஸம்மா... என்னையா கூப்புட்டாரு?"