குதித்தவர்கள் இறங்கக் கூடாது

குழுப் படத்தில் எல்லாருடைய கண்ணும் திறந்திருப்பது குதிரைக் கொம்பு. படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஒருவர் இமைப்பார், ஒருவர் தும்முவார், இன்னொருவருக்குச் சரியாக அந்த நொடியில்தான் மூக்கு அரிக்கும். அதனால், விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் முதலில் அந்தப் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் பேச வேண்டும்.

நம் கம்பெனி மெத்தை விற்கிறது. அதிகமாக விற்ற ஆறு பேரைப் பரிசாகக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். விளம்பரப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு, கேமராவும் என் கையில்தான். கிளம்பும்போதே முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "சுற்றுலா முடிஞ்சா முடிஞ்சதுதான். படம் வருஷக்கணக்கா உழைக்கணும்." அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர்களை மணலில் குதிக்க வைத்தேன். கடலில் ஒருவரும் கால் நனைக்கவில்லை. ஈரமான பேன்ட் படத்தில் அசிங்கமாகத் தெரியும். கடைசிக் குதிப்பில் அமைந்தது. ஆறு பேரும் அந்தரத்தில், ஆறு பேருக்கும் கண் திறந்து, ஒருவருக்கும் தொப்பை தெரியாமல். நடுவில் சிரிப்பழகன். பெற்றோர் வைத்த பெயர் வேறு, ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் அதை விசாரிப்பதில்லை.

அந்தப் படத்தைக் காலண்டரில் போட்டேன், மெத்தை உறையில் போட்டேன், டெலிவரி வண்டியில் போட்டேன், ஆபீஸ் லிஃப்ட் கதவிலும் ஒட்டினேன். கதவு திறக்கும்போது சிரிப்பழகனின் மூக்கு இரண்டாகப் பிளக்கும், மூடியதும் சேர்ந்துகொள்ளும். வண்டியில் சிரிக்கிறவரிடம்தான் வாங்குவோம் என்று கடைக்கு வந்து அடம்பிடித்தவர்கள் உண்டு.

படம் மாறவில்லை. ஆட்கள்தான் மாறித் தொலைத்தார்கள். ஒல்லிக்குச்சியாக இருந்தவர் கல்யாணமானதும் பூசினாற்போல் ஆனார். அவர் மனைவியிடம் நைச்சியமாகப் பேசி இரவுச் சாப்பாட்டைக் குறைக்க ஏற்பாடு செய்தேன். இன்னொருவர் கேட்காமல் கொள்ளாமல் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். முதலாளியிடம் சொல்லி, அது முளைக்கும்வரை அவரைக் கிடங்குக்கு மாற்றினேன். இருட்டில் மீசை வேகமாக வளரும் என்று ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

பிறகு சிரிப்பழகன் விஷயம். அவர் மனைவி வேறு ஊரில் நர்ஸ், கைக்குழந்தையும் அங்கேதான். லீவு கிடைக்கும்போது ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, அதைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. மனைவி வீட்டில் நம் காலண்டரை மாட்டியிருக்கிறாளாம். அப்பா எங்கே என்று கேட்டால் குழந்தை காலண்டரைக் காட்டுகிறதாம். இவர் நேரில் போய்த் தூக்கினால் வீரிட்டு அழுகிறதாம்.

என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு படம் உழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவரோ, அந்த ஊரிலேயே ஒரு கட்டில் கம்பெனியில் வேலை கிடைக்கப் போகிறது என்றார். "அக்கா, விசாரிக்க உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன். நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. என் பிள்ளைக்கு நான் யாருன்னு தெரியணும்." அதற்கென்ன, சொன்னால் போச்சு என்றேன்.

போனில் பேசிய அதிகாரியிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னது இதுதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: "தங்கமான பையன். கல்லாப்பெட்டி விஷயம் மட்டும் என்கிட்ட கேட்காதீங்க."

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இவர் அடுத்தவர் காசைத் தொட்டதே இல்லை என்ற உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காதது அவர் தப்பு. அதே மனிதர் பிறகு நம் முதலாளியையே கூப்பிட்டு, போன பணம் திரும்பக் கிடைத்ததா என்று துக்கம் விசாரிப்பார் என்று நான் கனவா கண்டேன்? அதனால்தான் இப்போது நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. செய்தி வந்ததும் சிரிப்பழகன் என்னிடம்தான் ஓடி வந்தார். ஜன்னலோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதார். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி அல்ல. தோளைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தபடியே அவரை வெளிச்சம் விழும் பக்கமாக லேசாகத் திருப்பினேன். கேமரா மேசைமேல் தயாராக இருந்தது.

ஆமாம், எல்லாம் செய்தது நான்தான். அவர் வேலையைக் கெடுத்ததும், அந்தப் பிள்ளைக்குக் காலண்டரையே அப்பாவாக விட்டுவைத்ததும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அழுகைப் படம் வந்திருக்கிறது பாருங்கள், அவ்வளவு அழகு. தூக்கம் வராதவர்களுக்கென்று நாம் கொண்டுவரும் புது மெத்தைக்கு அதைத்தான் போடலாம் என்றிருக்கிறேன். அவர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி, என் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டுப் பாருங்கள். அக்கா எது செய்தாலும் தன் நல்லதுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.