குடை பிடித்த தவளை

“அந்தக் கம்ப்யூட்டர் கேம்ல தவளை கையில குடை இருந்துச்சா, வாள் இருந்துச்சா?”

சிடாம் கிரியிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா தம் தம்பியிடம் இப்படிக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“குடைதான்க்கா. அத விரிச்சிக்கிட்டு ஆத்துல குதிக்கும்.”

“பேரு என்னடா?”

“ராத்திரிச் சந்தையில, பசார் மாலாம்ல வாங்குன கள்ள சிடிலா. கடைக்காரன் மார்க்கர்ல ‘கேம் 7’னு எழுதிக் குடுத்தான். நாம அதையே பேருன்னு நெனச்சிட்டோம். இப்ப நெட்ல தேடுனா உலகத்துல உள்ள எல்லா கேமும் வருது.”

அக்கா சிரிக்கவில்லை. “ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து அண்ணன் வாயே தொறக்கல. நேத்துதான் ‘தவளை’ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அதத் தேடிக் காட்டுனா இன்னும் பேசுவாருன்னு பாத்தேன்.”

தம்பி கைப்பேசியை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசி ஸ்டேஜ் வரைக்கும் போனது அவரு மட்டுந்தான். நான் தப்பா அமுக்குனா எப்படிக் கத்துவாரு, ஞாபகம் இருக்காக்கா?”

அக்கா அந்தக் கைப்பேசியை வாங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தேடாத. வார்டுக்குள்ள போனதும் அவரு முன்னுக்கு நின்னு, ‘அது தவளை இல்ல, கோழி’ன்னு சொல்லு.”

“கோழியா? அண்ணன் ஏசுவாருக்கா!”

“ஏசட்டும்டா” என்றார் அக்கா.