நேர்ந்துவிட்ட கோழியின் உடல்நிலை

மேரு வட்டார மெய்யன்பர்களுக்கும், கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், வாட்சப் குழுவில் இருந்துகொண்டு எதற்கும் பதில் போடாத பெரியோர்களுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: என் வீட்டுக் கோழி பிழைத்துக்கொண்டது. இன்று காலை கூண்டைத் திறந்ததும் ஓடிவந்து என் செருப்பைக் கொத்தியது.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழிக்குக் கோயில் தலைவனான நானே தீங்கு செய்தேனா என்று குழு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. நெடுங்காலமாக விளக்கம் கேட்டே பழகியவன் நான். கொடுத்துப் பார்ப்பதும் ஓர் அனுபவம்தான்.

சிவப்பு நாட்டுக்கோழி. காப்பார் பாசார் சந்தையிலிருந்து என் மனைவி உஷாராணி வாங்கி வந்தாள். முட்டைக்கு என்றாள். காலில் மஞ்சள் கயிறு எதற்கு என்று கேட்டேன். அடையாளத்துக்கு என்றாள். அதையும் நம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கும் என் ஒரே மகள் மாதவி, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். உஷாராணியிடம் அதிர்ச்சி எதுவுமில்லை. அழவேண்டியதை எல்லாம் முன்பே அழுது முடித்திருந்தாள். பூசாரி சின்னையாவுக்கும் தெரியும். வேலை கிடைத்தால் இந்தக் கோழியைப் படையல் வைக்கிறேன் என்று இவள் முனீஸ்வரரிடம் வேண்டியபோது பக்கத்தில் நின்று மணி அடித்தவரே அவர்தான். கோயில் தலைவருக்குத் தெரியாமல் அதே கோயிலில் ஒரு வேண்டுதல். நான் தினமும் தீனி போட்டது அதற்குத்தான்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன்.

"சொன்னா தடுத்திருப்பீங்கப்பா."

பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி ஓர் அபிப்பிராயம். நான் கோபப்படவில்லை. வாழ்த்துச் சொன்னேன்.

அந்த வாரமே கோழிக்கு உடம்பு கெட்டது. சிறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை வெளுத்திருந்தது. எல்லாரும் ராணிக்கெட், கோழியைக் கொல்லும் கழிச்சல் நோய் என்று பயந்தார்கள். நான் மடியில் வைத்துக் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தேன். இரவெல்லாம் செரித்து, காலையில் இரைப்பை காலியாக இருக்கவேண்டும். இது தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி தளதளவென்று இருந்தது. அலகைத் திறந்தால் புளித்த தோசைமாவு வாசம். இரைப்பையில் தீனி புளித்துப்போயிருக்கிறது என்று சொன்னேன். மாதவி அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். அவரும் அதையேதான் சொன்னார். தெருவில் என் மதிப்பு கொஞ்சம் உயர்ந்தது.

மருந்து கொடுத்தோம். தினமும் காலையில் நான்தான் இரைப்பையை மெதுவாக நீவிவிடுவேன். மதியம் தெளியும், மறுநாள் காலை மறுபடி உப்பியிருக்கும். என் பொறுமையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புனிதா, "பெத்த புள்ளையக்கூட இப்படிப் பார்க்கமாட்டாங்க லா அங்கிள்" என்றாள். மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை.

நோயுள்ள கோழியைப் படைக்கக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேண்டுதலை முடிக்காமல் மகளை விமானம் ஏற்றமாட்டேன் என்று உஷாராணி உட்கார்ந்துவிட்டாள். நேர்த்திக்கடனை நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்பிய அவள் தம்பி பாலன், மோட்டார் சைக்கிளில் லோரிக்கு அடியில் போனவன். மாதவிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவை அழவிட்டுப் போகிற பிள்ளையும் இல்லை. வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி பெர்த்துக்கு எழுதினாள். ஒருமுறை தள்ளிக் கொடுத்தார்கள்.

வேறு கோழி வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று உஷாராணி சின்னையாவிடம் போய்க் கேட்டாள். தாராளமாக ஆகும், சாமி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது என்று அவர் சொல்லியிருக்கிறார். பூசாரியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன். மறுநாள் சாமி அவர் கனவில் வந்து, சொன்ன கோழிதான் வேண்டும் என்றது. கனவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது தானாக வந்தது.

இனி குழு கேட்டதற்கு வருகிறேன். மாலையில் மாதவி வேலைக்குப் போன பிறகு, ரொட்டியை இனிப்புப் பாலில் ஊறவைத்து, கோழிக்கு ஊட்டிவிடுவேன். ரொட்டியும் சீனியும் ஆகவே ஆகாது, உள்ளே போனால் புளிக்கும் என்று மருத்துவர் சொன்னதை மாதவி வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். எனக்கு இரண்டு தடவை சொன்னாள். அவள் சொல்லுமுன்பே எனக்குத் தெரியும். முதல் நாள் நான் இரைப்பையைத் தொட்டதும் நோயைச் சொன்னது கைராசியால் அல்ல.

பெர்த்தில் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அன்று மாதவி வேலைக்குப் போகவில்லை. அது எனக்குத் தெரியாது. பின்கட்டுக் கதவில் நின்று நான் ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள்.

"அது கோழிக்கு ஆகாதுன்னு சொன்னேனேப்பா."

"பாவம்மா, ஆசையா சாப்பிடுது."

 என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. உஷாராணியும் என்னோடு உட்காரவில்லை. மறுநாள் விடிந்ததும் மாதவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். உஷாராணி இந்த முறை எந்த வேண்டுதலையும் சொல்லித் தடுக்கவில்லை.

ஆகவே, ஆமாம். தெரிந்துதான் கொடுத்தேன், தினமும் கொடுத்தேன். ஆனால் குழு அமைதியாக யோசிக்கவேண்டும். வேலை போனதால் வேண்டுதல் இல்லை. வேண்டுதல் இல்லாததால் கோழிக்குக் கத்தி இல்லை. வாயில்லா ஜீவன் ஒன்று என்னால் உயிர் பிழைத்திருக்கிறது. மகள் கண்காணாத ஊருக்குப் போகாமல் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்ததைத் தவிர வேறு குற்றம் இதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவள் பெர்த் போகவில்லை என்பதையும் குழு பதிவு செய்துகொள்ளலாம்.

அவள் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ரவாங்கில் இருக்கிறாள். எந்த வீடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.