தூணுக்குப் பின்னால் நின்ற திருடன்

ஜூஜுவாடியில் பஸ் ஏறினேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து எனக்குப் படிக்குப் பக்கத்துச் சீட்டுதான். முன்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். ஒருவன் சொன்னான்:

"நீ சத்தமில்லாம அவன் முதுகுல குத்தியிருந்தா நான் செத்திருக்க மாட்டேன், முருகா."

செத்தவன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறானே என்று காதைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரூமில் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டாம். அதில் முருகன் திருடன், இவன் வாள்வீரன்.

"தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினுதான இருந்த? ராட்சசன் உன்னப் பாக்கவே இல்ல. மறைஞ்சி குத்தியிருந்தா ஒரே குத்துல உழுந்திருப்பான். எதுருல போனா உன் கத்தி வெறும் கொசுக்கடிடா."

"தெரியும் சலீமு."

"அப்புறம் ஏன்டா கத்திக்கினு ஓடியாந்த?"

"நீ கீழ உழுந்து என் பேரச் சொல்லிக் கூப்ட்ட. எப்டிடா ஒளிஞ்சிருக்கிறது?"

சலீம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ரெண்டு வருசமா ஆடி ஆடி வளத்த வாள்வீரன்டா அவன்."

சிக்னலில் பஸ் நின்றதும் சலீம் இந்தப் பக்கம் திரும்பினான்.

"வர ஞாயிறு நான்தான் திருடன். நீ வாளெடுத்து முன்னால நில்லு. எவ்ளோ கத்தினாலும் நான் வெளிய வரமாட்டேன்."

"செரி," என்றான் முருகன். "நான் கத்த மாட்டேன்."