செவ்வாய்க்கிழமை எண்ணெய்

மைசூரில் யாரும் மைசூர் போண்டா என்று கேட்பதில்லை, மேடம். வெறும் போண்டா என்றுதான் கேட்பார்கள். மிளகாய் பஜ்ஜிக்கும் அதே பெயர், வாழைக்காய் பஜ்ஜிக்கும் அதே பெயர். எதைக் கேட்டாலும் சூடாக இருப்பதை எடுத்துக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டுப் போவார்கள். பலகாரக் கடை நடத்துவதற்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேரியரை உங்கள் மேசை ஓரத்தில் வைத்துக்கொள்ளட்டுமா? கீழே வைத்தால் எறும்பு ஏறிவிடும். பன்னிரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சாப்பாடு.

நன்றி. நீங்கள் கொள்ளேகால் பக்கம், தமிழ் வரும் என்று சொன்னதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கன்னடத்தில் நான் சண்டை போடுவேன், வாக்குமூலம் கொடுக்க வராது.

பெயர் பரத். வயது இருபத்தாறு. ஹெப்பாளில் கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில் அப்பா ஆரம்பித்த கடை, மாடியிலேயே வீடு. அப்பா போனபின் மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். என் கடைச் சுவரில் "இங்கே பயன்படுத்திய எண்ணெய் பயோடீசலுக்குப் போகிறது" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக ஒரு சொட்டுகூடத் தன் வண்டிக்கு வரவில்லை என்று எண்ணெய் சேகரிக்கும் விஜய்குமார் புகார் எழுதியிருக்கிறார். அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது, தள்ளுவண்டிக் கடைகளுக்கு விற்கிறாயா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதில் தவறில்லை. மனதுக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

உங்கள் உணவுப் பாதுகாப்பு இலாகா நடத்திய பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். பின்வரிசைக்காரர்கள் டிபன் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் அது கெட்டுப்போகும், ரத்தக்குழாயில் போய் அடைக்கும், கெட்ட கொழுப்பு ஏறும், கல்லீரல் வீங்கும், கடைசியில் நெஞ்சைப் பிடிக்கும். நோட்டு வீட்டில் இருக்கிறது. தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

வகுப்பு முடிந்த வாரமே எண்ணெயைச் சோதிக்கும் மீட்டர் வாங்கினேன். மைசூரில் எத்தனை பலகாரக் கடையில் அது இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். எண்ணெயில் கெட்டுப்போன பங்கு நூற்றுக்கு இருபத்தைந்து வரை போகலாம் என்கிறது சட்டம். நான் பதினெட்டிலேயே வாணலியை இறக்கிவிடுவேன். சாயங்காலம் கம்பெனிப் பிள்ளைகள் கூடி நிற்கும்போது மீட்டரை எண்ணெயில் விட்டு எண்ணைக் காட்டுவேன். பதினொன்று, பன்னிரண்டு. கைதட்டுவார்கள். வீடியோ எடுப்பார்கள். சோனியா என்று ஒரு பெண், "இவரு கடையில சாப்பிட்டா ஆயுசு கூடும்" என்று போட்டிருந்தாள். அதற்கப்புறம் கூட்டம் நடைபாதைக்கு வந்துவிட்டது.

ஆகவே இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட நான் பழைய எண்ணெயில் பொரித்துக் கொடுத்ததில்லை. தள்ளுவண்டிக்கும் ஒரு துளி போனதில்லை. அதில் என்னை அசைக்க முடியாது.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன்.

பதினெட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. எண்ணெய் மிஞ்சும். வாரத்துக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர். சாக்கடையில் ஊற்றக்கூடாது, அடைத்துக்கொள்ளும். தெருவில் ஊற்றக்கூடாது, வண்டி வழுக்கும். விஜய்குமாரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் எங்கள் பக்கம் வருவது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு.

செவ்வாய் எங்களுக்கு லீவு, மேடம். பக்கத்து இரண்டு பாக்டரிக்கும் செவ்வாய் வார விடுமுறை என்பதால் அப்பா காலத்திலிருந்து அப்படி. ஆறு நாள் காலை நாலரைக்கு எழுகிறவன் நான். செவ்வாய் ஒருநாள்தான் பத்து மணிவரை தூங்குவேன். வேறு நாள் வரச் சொல்லிக் கேட்டேன். "புதன் நஞ்சன்கூடு சைடு சார், ஆகல்ல" என்று கையை விரித்தார். திங்கள் இரவே கேனை வெளியே வைத்துவிடலாமே என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. வைத்தேன். ஒருமுறை. நாய் தள்ளிக் கொட்டிவிட்டது. அதற்கப்புறம் வைக்கவில்லை.

கேன் சமையலறையில் அடுப்போரமாகவே நின்றது. நிறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கடை ஆட்களுக்கு மத்தியானச் சோற்றோடு ஊற்றும் சாற்றுக்குத் தாளிக்கும்போது புது எண்ணெய் டின் தூரத்தில் இருந்தது. கேன் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. இப்படித்தான் ஆரம்பம். பெரிய திட்டமெல்லாம் இல்லை.

கடையில் நான்கு பேர். ராணி, மாதம்மா, பாத்திரம் கழுவும் மாரக்காள், பிறகு கெம்பையன் அண்ணன். அண்ணன்தான் வாணலி மாஸ்டர். ஹனூர்க்காரர், அப்பாவிடம் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். ஆட்களுக்கான சாப்பாட்டை நானே சமைத்தது அவருக்காகத்தான். நாள் முழுக்க அடுப்பில் வேகிறவரை மறுபடியும் சமைக்கச் சொல்லலாமா?

முதல் நாள் சாற்றை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "பரத்து, ஒக்கரணெ சக்கத்தா இருக்குது கண்ணு. என்ன போட்டே?" என்றார். தாளிப்பைத்தான் அப்படிச் சொல்வார்.

"பாசம்ணா" என்றேன்.

"பாசம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்குது, போ" என்று சிரித்தார்.

அது உண்மைதான். போண்டா, மிளகாய், வெங்காயம் எல்லாம் குளித்துவிட்டுப் போன எண்ணெய். ருசி இருக்கத்தானே செய்யும்.

ராணிக்கு இரண்டு மாதத்தில் நெஞ்செரிச்சல் வந்தது. அவள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள். மாதம்மாவும் அப்படியே. மாரக்காள் விரதம் என்றாள், எந்தச் சாமிக்கு என்று சொல்லவில்லை. கடைசியில் அண்ணன் ஒருவர்தான் என் சமையலைக் கைவிடவில்லை. நான்கு பேருக்கான எண்ணெய் ஒருவருக்கு வந்தது. சாறு ஒன்றே எவ்வளவு குடிக்கும்? காய் வதக்கிப் பல்யா செய்தேன், சித்ரான்னம் செய்தேன். பிறகு சோற்றில் பிசையும் புளிக்காய்ச்சல், புளியோகரெ கொஜ்ஜு. மேல்கோட்டைக்கு ஒருமுறை போனபோது கற்றுக்கொண்டது. அது எண்ணெய் குடிப்பதுபோல் வேறெதுவும் குடிக்காது. கிண்டக் கிண்ட ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரே வாரத்தில் கேன் பாதிக்கு இறங்கியது. அன்று எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. கொஜ்ஜு ஒரு பாட்டில் அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பொரித்தது எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மேடம், அந்த மனிதரின் கட்டுப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாளுக்கு அறுநூறு போண்டா சுடுகிறவர். வெந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடமாட்டார். காதருகே வைத்து அமுக்கிப் பார்ப்பார். விடிகாலையில் சாமுண்டி மலைப் படியில் பாதி ஏறி இறங்கிவிட்டு வேலைக்கு வருவார்.

"இதெல்லாம் காசு குடுக்கற மகராசனுங்களுக்கு. நமக்கு உன் சோறும் சாறும் போதும் சாமி. பொரிச்சதைத் திங்காமலே தின்ன மாதிரி இருக்குது" என்பார்.

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். நான் அறியாதவன் இல்லை. ஒருநாள் ஆர்வத்தில் கேனிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சுட வைத்து மீட்டரை விட்டுப் பார்த்தேன். முப்பத்து மூன்று. அடுப்புச் சூட்டிலேயே நின்றதல்லவா, ஏறிவிட்டது. மீட்டரைக் கழுவித் துடைத்து உறையில் போட்டேன். அண்ணனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மோகனப்ரியா என்னிடம்தான் முதலில் காட்டுவாள், அண்ணனின் பெண். கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. கல்லீரல் வீங்கியிருந்தது. என் நோட்டில் இருந்த வரிசை மாறாமல் அப்படியே இருந்தது. வகுப்பு எடுத்தவர் நல்ல வாத்தியார் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் கேன் நிறையும். கேன் நிறைந்தால் செவ்வாய் எட்டு மணிக்கு எழ வேண்டும். ஒரு செவ்வாய் அலாரம்கூட வைத்தேன். அடித்தது. அண்ணன் இத்தனை நாள் தாங்கிவிட்டார், இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டாரா என்று தோன்றியது. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால் இரண்டாவது முறை விழுந்தார். போண்டா மாவு கையோடு. நான்தான் ஆட்டோவில் மடியில் போட்டுக் கொண்டுபோனேன். வரும் வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன். மருந்து கொடுத்தும் கொழுப்பு அளவுகள் ஏன் இறங்கமாட்டேன் என்கின்றன, இதே நிலையில் மேசையில் ஏற்றுவது ஆபத்து என்று டாக்டர் தலையைச் சொறிகிறார்.

மோகனப்ரியா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பரத்தண்ணா, கோவிச்சுக்காதீங்க. வீட்ல நாங்க செக்கு எண்ணெதான், அதும் சொட்டு சொட்டாதான். கடையில அப்பாவுக்கு எந்த எண்ணெ போடறீங்க?"

"நான் சொன்னா நம்புவியோ என்னவோ. நீயே வந்து மீட்டர்ல பாரு" என்றேன்.

வந்தாள். முன்கட்டு வாணலியில் மீட்டரை விட்டேன். பதினொன்று. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. எண்ணெய் எது என்றாள், எண்ணெயைக் காட்டினேன். பின்கட்டுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லையே. டீ கொடுத்து அனுப்பினேன்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் பெரிய ரகளை. கடையும் இல்லை என்றால் பின்னே யார்? அண்ணி சென்னம்மாதான் யாருக்கும் தெரியாமல் வடை சுட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அண்ணி சாமி படத்தின் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாராம். பெண் நம்பவில்லையாம். மறுநாள் அண்ணி என்னிடம் வந்து, "நீயாச்சும் சொல்லுப்பா, நான் அப்படிச் செய்வேனா?" என்றார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. "போனது போகட்டும் அண்ணி, இனிமே செய்யாதீங்க" என்று சமாதானம் செய்து வைத்தேன். இல்லையென்றால் அந்தக் குடும்பம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

இதுதான் நடந்தது. காலையில் உங்கள் ஆள் என் கதவைத் தட்டியபோது மணி எட்டு. இன்றைக்குச் செவ்வாய், நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக விஜய்குமாரின் வண்டியை என் வாசலில் என் கண்ணால் பார்த்தேன். நேற்றிரவே சமைத்து வைத்த கேரியரோடு நான் உங்கள் ஜீப்பில் ஏறுவதை அவர் நின்று பார்த்தார். ஒரு ஐந்து நிமிடம் காத்திருந்தால் கேனை எடுத்துக் கொடுத்திருப்பேன். போய்விட்டார். மனிதர்களுக்குப் பொறுமையே இல்லாமல் போய்விட்டது.

கேனில் இப்போது எவ்வளவு இருக்கும் என்றா கேட்டீர்கள்? அடியில் கொஞ்சம்தான். ஒன்பது நாளில் வேகமாகக் குறைந்துவிட்டது. அண்ணனுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை. "பரத்து கை சாறு இருந்தா ரெண்டு வாய் உண்பேன்" என்றாராம். மோகனப்ரியா கேட்டுக்கொண்டாள். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. இப்போதும் கீழே ஸ்கூட்டரோடு நிற்பாள். மணி பன்னிரண்டு இருபது ஆகிறது, கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கேரியரை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஏன் அதை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறீர்கள்? வாசனை நன்றாக இருக்கிறது என்று உள்ளே வந்தபோதே சொன்னீர்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம். வெளியாட்கள் யாருக்கும் இந்த எண்ணெயில் செய்ததை நான் தருவதில்லை.